மேடையில் அடிபட்ட தோல்: செந்தூல் மாடிக்கடை பற்றி

உலகம் சுற்றும் பாடகர்களின் மேடையில் உண்மையாகவே புழங்கிய சாமான் வேண்டும் என்று தேடுபவர்களுக்குக் கோலாலம்பூரில் நான் கைகாட்டும் இடம் ஒன்றுதான். செந்தூல் பக்கம், ஜாலான் ஈப்போவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், டயர் கடைக்கு மேல்மாடி. பெயர்ப்பலகை கிடையாது. கீழே நின்று பார்த்தால் கிடங்கு என்றுதான் தோன்றும். மேலே ஏறினால் சுவர் முழுக்கக் கறுப்புப் பெட்டிகள், இரும்பு மூலைகள், சக்கரங்கள், நடுவில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசை. அங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன் இருபது வருஷத்துக்கும் மேலாகக் கச்சேரிகளுக்கு ட்ரம் செட், கிட்டார் ஆம்ப், கீபோர்டு எல்லாம் வாடகைக்கு விடுகிறார். கச்சேரி முடிந்து மிஞ்சும் சாமானை விற்பது அவருக்குப் பக்கத் தொழில். அந்தப் பக்கத் தொழிலைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வார இறுதிகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, பொங்கல் கலைநிகழ்ச்சி என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். அதனால் நான் சேர்ப்பதும் ட்ரம்ஸ் சம்பந்தப்பட்ட சாமான்களைத்தான். கிட்டார் சேர்ப்பவர்களுக்கு இதில் பாதிதான் உதவும்.

இந்தக் கடையின் அருமை புரிய வேண்டுமானால், மேடைச் சாமான் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பெரிய குழுக்கள் தங்கள் சாமானைத் தாங்களே கொண்டு வருவார்கள். அது ஏ.டி.ஏ. கார்னெட் என்ற சுங்கத் தாளோடு வரும். ஒவ்வொரு பொருளும் அதில் பட்டியலிடப்பட்டிருக்கும். வரிசை எண், எடை, மதிப்பு எல்லாம் இருக்கும். தீர்வை கட்டாமல் நாட்டுக்குள் கொண்டு வரலாம், ஆனால் பட்டியலில் உள்ள அத்தனையும் திரும்பிப் போயாக வேண்டும். அந்தத் தாளுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். மலேசியாவும் அதை ஏற்கும் நாடுகளில் ஒன்று. ஆகவே "புக்கிட் ஜாலில் கச்சேரி முடிந்ததும் அவர்களே விட்டுப்போன சிம்பல்" என்று யாராவது உங்களிடம் நீட்டினால், சுங்கத்தில் யார் பதில் சொன்னார்கள் என்று கேளுங்கள். வரிசை எண் போட்ட சாமானை அவ்வளவு சுலபமாக ஓர் ஊரில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

எது மிஞ்சும்? தேய்ந்து தீர்ந்துபோகிற சாமான். ட்ரம் தோல், குச்சி, கிட்டார் கம்பி, பேட்டரி, ஒட்டுநாடா, பாட்டு வரிசை எழுதிய தாள். இவையெல்லாம் கார்னெட்டில் சேர்வதில்லை. அப்புறம் இன்னொரு வழியும் இருக்கிறது. எல்லாப் பாடகர்களும் முழு செட்டையும் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. ஜகார்த்தாவில் ஒரு ராத்திரி, இங்கே ஒரு ராத்திரி, அடுத்து பாங்காக் என்று பறப்பவர்கள் முன்கூட்டியே ஒரு பட்டியல் அனுப்பிவிடுவார்கள்: இந்த அளவில் ட்ரம் செட், இந்த வகைத் தோல், தோல் புதிதாக இருக்க வேண்டும். அதை உள்ளூர் வாடகைக்காரர் கொடுப்பார். தொழிலில் இதற்கு பேக்லைன் என்று பெயர். ட்ரம்மர் கையோடு கொண்டு வருவது பெரும்பாலும் மடிக்கு முன்னால் வைத்து அடிக்கும் ஸ்னேர் ட்ரம், உலோகத் தட்டான சிம்பல், பெடல், குச்சி. டாம் என்கிற மற்ற ட்ரம்களும், காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் ட்ரம்மும் வாடகை. கச்சேரி முடிந்ததும் ட்ரம் வாடகைக்காரரிடம் திரும்பும். அதன் மேல் அந்த ஒரு ராத்திரி அடிபட்ட தோலும் கூடவே வந்துவிடும்.

இந்த அண்ணனிடம் இருப்பது அப்படி வந்த தோல்கள்தான். அவர் அதை மறைப்பதில்லை என்பதுதான் முதல் நல்ல விஷயம். மேசைக்குப் பின்னால் உள்ள அலமாரியை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார். மேல் தட்டில் இருப்பவை பாடகருக்கோ அவர் குழுவுக்கோ சொந்தமாக இருந்து, அவர்கள் கையெழுத்திட்ட தாளோடு வந்தவை. மிகக் கொஞ்சம். நடுத்தட்டில், அவருடைய சொந்த வாடகை செட்டில் ஏறி மேடையில் புழங்கியவை. கீழ்த்தட்டில், யாரோ கொண்டுவந்து கொடுத்து, அவரால் நிரூபிக்க முடியாதவை. கீழ்த்தட்டுக்கு விலையே கிடையாது, பார்க்கத்தான். "நிரூபிக்க முடியாததுக்கு நான் எப்படி டீச்சர் விலை சொல்றது? சும்மா இருக்கட்டும், ஒருநாள் யாராவது படம் கொண்டாருவாங்க" என்பார்.

மேடையில் புழங்கியது, பாடகருக்குச் சொந்தமானது: இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விற்பவர்களே குழப்பிவிடுகிறார்கள். ஒரு தோல் புகழ்பெற்ற ஒருவரின் குழுவில் இரண்டரை மணி நேரம் அடி வாங்கியிருக்கலாம், ஆனால் ஒரு நிமிஷம்கூட அவருக்குச் சொந்தமாக இருந்திருக்காது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடுமா என்றால், எனக்குக் குறையாது. அந்த ராத்திரி பாட்டில் கேட்ட டாம் சத்தம் அந்தத் தோலிலிருந்துதானே வந்தது. ஆனால் வாங்குபவருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும், விலையும் அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். இங்கே அப்படித்தான் இருக்கிறது.

நான் வாங்கியது நடுத்தட்டிலிருந்து, 16 அங்குல ஃப்ளோர் டாம், அதாவது தரையில் கால் ஊன்றி நிற்கும் பெரிய டாமின் தோல். ரெமோ நிறுவனத்தின் எம்பரர் வகை, வெள்ளைப் பூச்சுப் போட்டது. ஒவ்வொன்றும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு தடிமனுள்ள இரண்டு படலங்களால் ஆனது. ஒற்றைப் படலத் தோலைவிடச் சத்தம் தடிமனாக இருக்கும், சீக்கிரம் கிழியாது, அதனால் டாம்களுக்கு நிறையப் பேர் கேட்டு வாங்குவது. யாருடைய கச்சேரி என்று இங்கே எழுத மாட்டேன். எழுபதுகளிலிருந்து பாடிக்கொண்டிருக்கும் ஆங்கிலப் பாடகர், நம் பெற்றோருக்கும் தெரிந்த பெயர். அவர் பெயரை வைத்து வியாபார விளம்பரம் செய்வதில்லை என்று வாடகை ஒப்பந்தத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வாங்குபவரிடமும் அதே வாக்கைக் கேட்கிறார். எனக்குக் கொடுத்த தாளில் பெயர், இடம், தேதி எல்லாம் உண்டு. ஊருக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான். இது எனக்குப் பிடித்திருந்தது. பெயரைக் கூவி விற்பவர்களிடம் தாள் இருப்பது அபூர்வம்.

இனி அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தக் கடைக்கும் மற்ற இடங்களுக்கும் உள்ள வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது. வாடகைக்காரர்கள் சாமானை ஒப்படைக்கும்போதும் திரும்ப எடுக்கும்போதும் படம் எடுப்பார்கள். கீறல், உடைசல் என்று பின்னால் சண்டை வராமல் இருக்கத்தான் அது, சேகரிப்பவர்களுக்காக எடுத்த படம் அல்ல. அதனாலேயே அதை நான் நம்புகிறேன். என் தோலோடு நான்கு படங்களின் பிரதி கிடைத்தது. முதல் படத்தில் தோல் புத்தம் புதிது, பூச்சில் ஒரு கோடுகூட இல்லை. இரண்டாவதில் செட் மேடையில் ஏறி நிற்கிறது. தோலின் ஓரத்தில் சத்தத்தை அடக்கக் கறுப்பு ஒட்டுநாடாவைக் கையால் கிழித்து ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாவதும் நான்காவதும் கச்சேரி முடிந்த பிறகு எடுத்தவை. பூச்சு சாம்பலாகி, அடிபட்ட தடங்கள் தெரிகின்றன, நாடா அதே இடத்தில் இருக்கிறது.

நாடா இன்னும் என் தோலில் இருக்கிறது. துணிநாடாவைக் கையால் கிழித்தால் ஓரம் நூல்நூலாகப் பிரியும், எந்த இரண்டு கிழிசலும் ஒன்றாக இராது, கைரேகை மாதிரி. படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். இடது மூலையில் வளைந்து நிற்கும் நூல்கூடப் பொருந்தியது. உலோகச் சின்னத்துக்கு எதிரே ரெமோ முத்திரை எந்தக் கோணத்தில் இருந்தது என்பதும் பொருந்தியது. இதற்கு மேல் எனக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

இன்னொன்றும் அந்தத் தாளில் இருந்தது, அதைப் படித்த பிறகுதான் பணத்தை எடுத்தேன். அந்த செட்டில் வேறு யாராவது உட்கார்ந்தார்களா என்று கேட்க வேண்டும் என்று போயிருந்தேன். முன்னணிக் கச்சேரிக்கு முன்னால் இன்னொரு குழு வாசித்திருந்தால், தோலின் பாதித் தேய்மானம் அவர்களுடையதாகிவிடும். நான் கேட்பதற்கு முன்பே அதற்கான வரி தாளில் இருந்தது: முதலில் வாசித்த குழுவுக்குத் தனி செட், இந்த செட்டில் ஒலிச் சோதனையின்போது பாடகர் குழுவின் ட்ரம் டெக்னீஷியன் கொஞ்ச நேரம் வாசித்தார்.

"அதையும் ஏண்ணே எழுதினீங்க? யாரும் கேட்க மாட்டாங்களே" என்றேன்.

"உட்கார்ந்தாரு, அதனால எழுதினேன்" என்றார்.

தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தால் தாள் சொல்வதைத் தோலிலும் சரிபார்க்கலாம். ஃப்ளோர் டாமில் அடி நடு மையத்தில் விழுவதில்லை. ட்ரம்மர் உட்காரும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, கையளவு இடத்தில் கூடும். குச்சியின் நுனி பட்ட இடம் சிறு குழியாக இருக்கும். பூச்சு முதலில் வழவழப்பாகி, பிறகு சாம்பல் நிறமாகி, கடைசியில் உரிந்து அடியில் உள்ள படலம் தெரியும். ஒரே ராத்திரி வாசித்த தோலில் பூச்சு முழுவதும் உரிந்திருக்காது. ஒரு கச்சேரியில் புழங்கியது என்று சொல்லி, நடுவில் ஒரு தட்டளவுக்கு உரிந்துபோன தோலைக் காட்டினால், அது யாரோ வீட்டில் மாதக் கணக்கில் அடித்தது. மாறாக, வளையத்தோடு சேர்த்து அடிக்கும் அடியின் தடம் ஸ்னேரில்தான் அதிகம் இருக்கும். விளிம்பிலிருந்து உள்நோக்கி நீளமான கோடாக விழும். டாம் தோலில் அந்தக் கோடு நிறைய இருந்தால் அது எந்த ட்ரம்மில் இருந்தது என்று மறுபடி யோசிக்க வேண்டும். ஸ்னேரை ட்ரம்மர் கையோடு எடுத்துப்போய்விடுவார் என்பதால், ஸ்னேர் தோல்களாகவே அடுக்கி வைத்து விற்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். இந்த அலமாரியில் ஸ்னேர் தோல் எப்போதாவதுதான் இருக்கும்.

பெரிய ஏலங்களிலும் இதே கதைதான். பீட்டில்ஸ் குழு 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் முதன்முதலாக வாசித்தபோது ரிங்கோ ஸ்டாரின் பேஸ் ட்ரம்மில் முன்பக்கம் இருந்த தோல், 2015ல் 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. குழுவின் பெயர் அந்தத் தோல்களில் கையால் எழுதப்பட்டது. எழுத்து தோலுக்குத் தோல் சிறிது மாறும். எந்தத் தோல் எந்த நிகழ்ச்சியில் இருந்தது என்பதைப் படங்களோடு ஒப்பிட அதுதான் உதவுகிறது. கனடாவின் ரஷ் ராக் குழுவின் ட்ரம்மர் நீல் பியர்ட் 1974 முதல் 1977 வரை வாசித்த ஸ்லிங்கர்லேண்ட் நிறுவனத்தின் ட்ரம் செட், 2020 டிசம்பரில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 5,00,312 டாலருக்குப் போனது. அந்த செட்டை அவர் 1980களில் ஒரு ட்ரம் பத்திரிகையின் போட்டிக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். அங்கிருந்து கை மாறி வந்த வழி தெரிந்திருந்ததால்தான் அந்த விலை. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் தன்னுடைய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை 2019ல் தானே ஏலத்துக்குக் கொடுத்தார். 39 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கிடைத்தது, பணம் பருவநிலை வழக்குகளை நடத்தும் ஓர் அறக்கட்டளைக்குப் போனது. பாடகரே விற்பதைவிட நல்ல சாட்சி ஏது? அமெரிக்க இசைக்கலைஞர் மோபி 2018ல் ரெவர்ப் என்ற இணையச் சந்தையில் தன் வாத்தியங்களை நேரடியாக விற்றதும் அப்படித்தான். என்னைப் போல் மாதச் சம்பளக்காரர்கள் அந்த விலைக்குப் போக முடியாது. ஆனால் அவர்கள் கேட்கும் அதே கேள்விகளை முந்நூறு, நானூறு ரிங்கிட் சாமானுக்கும் நாம் கேட்கலாம். அந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருப்பதால்தான் இந்தக் கடையைப் பாராட்டுகிறேன்.

குச்சிகளை நான் வாங்குவதில்லை. இவரிடம் ஒரு வாளி நிறைய இருக்கிறது. குச்சியில் ட்ரம்மரின் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்த்து இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். அந்தப் பெயர் போட்ட குச்சி எந்த இசைக்கருவிக் கடையிலும் புதிதாகவே கிடைக்கும், நிறுவனங்கள் விற்பதற்காகவே அச்சடிப்பவை. ஒரு வாரம் வாசித்தால் எல்லாக் குச்சியும் பழசாகத்தான் தெரியும். கிட்டார் பிக் விஷயமும் இதேதான். பாடகரின் மைக் என்று சொல்லி விற்கப்படும் ஷுர் எஸ்.எம். 58களைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். 1966லிருந்து விற்பனையில் இருக்கும் மைக் அது. நசுங்கிய வலைத்தலையோடு எந்த வாடகைக் கடையிலும் பெட்டி பெட்டியாக இருக்கும். அண்ணன் தன் மைக்குகளை அந்த அலமாரியில் வைப்பதே இல்லை.

அவர் வாங்க மறுக்கும் இன்னொரு பொருள், ஆங்கிலக் குழுவான கோல்ட்பிளேயின் கச்சேரியில் கையில் கட்டிவிட்ட மின்னும் பட்டை. 2023 நவம்பர் 22 அன்று புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் நடந்த அந்தக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். பட்டைகள் அடுத்த ஊருக்கும் வேண்டும், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். கொடுக்காமல் கொண்டுவந்ததை விற்க யாரோ இவரிடம் வந்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பிவிட்டார். சேகரிப்பவர்கள் எல்லாரும் இதில் அவர் பக்கம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். கேட்டு வாங்கியதும் விட்டுப்போனதும் நம்முடையவை. எடுத்துக்கொண்டு வந்தது நம்முடையது அல்ல.

குறைகளும் உண்டு. தோல்களை அவர் சாதாரண பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறார். பூச்சு ஒன்றோடொன்று உரசுகிறது. நடுவில் ஒரு தாளாவது வைக்கலாம். சில தோல்களில் விலைச் சீட்டைப் பூச்சின் மேலேயே ஒட்டியிருந்தார். எடுத்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். சொன்னதும் அடுத்த முறை சீட்டு வளையத்துக்கு மாறியிருந்தது, ஆனால் பழையவற்றில் இன்னும் அப்படியே இருக்கிறது. வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். படங்களை அச்சிட்டுத்தான் தருகிறார், கோப்பாகக் கேட்டால் தயங்குகிறார். அச்சுத் தாள் நம் ஊர்க் காற்றில் எத்தனை வருஷம் தாங்கும்? கடைசியில் கைப்பேசிக்கு அனுப்பினார், கேட்டு வாங்குங்கள். அட்டை எடுக்க மாட்டார், ரொக்கம் அல்லது வங்கிப் பரிமாற்றம் மட்டும். படிக்கட்டு செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். கச்சேரி உள்ள நாட்களில் கடை பூட்டியிருக்கும், அதனால் போன் செய்துவிட்டுப் போவது நல்லது. சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு மெதுவாகப் போனால் பேச நேரம் கிடைக்கும்.

விலை நியாயமா? அதே அளவில் புதுத் தோல் வாங்கும் விலையைப் போல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கூட கொடுத்தேன். பேரம் பேசவில்லை. படமும் தாளும் இல்லாமல் அதே தோலுக்குப் பாதி விலைகூடக் கொடுத்திருக்க மாட்டேன். மேல் தட்டின் விலை வேறு உலகம். ஒரு பேஸ் ட்ரம் முன்தோல், குழு மேலாளரின் கடிதத்தோடு இருந்தது, என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிய விலை. அதைக் கையில் எடுத்துப் பார்க்க விட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், கடைக்காரர் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ட்ரம் தோல் என்று பழக்கத்தில் சொன்னாலும் 1950களின் பிற்பாதியிலிருந்து இது பாலியஸ்டர் படலம்தான். மிருதங்கத் தோல் மழைக்காலத்தில் இறங்குவதுபோல் இது ஈரத்துக்கு இறங்காது. கோலாலம்பூர்க் காற்றுக்கு நான் பயப்படுவது நாடாவின் பசைக்கும் பேனா மைக்கும்தான். வெயில் படும் சுவரில் மாட்டினால் மை வெளுக்கும், படலம் மஞ்சளாகும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சட்டக் கடையில் ஆழமான பெட்டிச் சட்டம் செய்து வாங்கினேன்; முன்னால் கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு. தோலைப் பின்பலகையில் ஒட்டிவிடுகிறேன் என்றுதான் கடைக்காரர் முதலில் சொன்னார். ஒட்ட விடாதீர்கள். வளையத்தைச் சுற்றி நான்கு சிறு கொக்கிகள் போதும், எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பின்பக்கம் பார்க்கலாம். தாளின் பிரதியையும் நான்கு படங்களையும் ஓர் உறையில் போட்டுச் சட்டத்தின் பின்னாலேயே வைத்துவிட்டேன். நாளைக்கு இது யார் கைக்குப் போனாலும் சாட்சி கூடவே போகட்டும்.

கடைசியாக, கீழ்த்தட்டில் இருக்கும் ஒரு தோலைப் பற்றி. 14 அங்குலம், ஓரத்தில் கறுப்புப் பேனாவில் 27.10.96 என்று எழுதியிருக்கிறது. மைக்கேல் ஜாக்சனின் ஹிஸ்டரி உலகச் சுற்றுலா மெர்டேக்கா அரங்கத்துக்கு வந்த தேதி அது. 27, 29 என்று இரண்டு ராத்திரி நடந்தது. அந்தச் சுற்றுலாவில் ட்ரம்ஸ் வாசித்தவர் ஜோனதன் மொஃபட். சிம்பலை அடித்த வேகத்திலேயே கையால் பிடித்து நிறுத்துவாரே, அவர்தான். அவருடைய அந்த வாசிப்பைப் பார்த்துத்தான் நான் குச்சியைக் கையில் எடுத்தேன், ஆகவே அந்தத் தோல் உண்மையாக இருக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுபவர் யாரும் இருக்க முடியாது. மேடை கட்டும் வேலைக்குப் போன தன் சித்தப்பா கொண்டுவந்தது என்று சொல்லி ஒருவர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறார். சித்தப்பா இப்போது இல்லை. தேதியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். தோலில் வளையத்தோடு அடித்த தடங்கள் நன்றாகத் தெரிகின்றன, ஸ்னேர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யாருடைய ஸ்னேர், எந்த மேடை என்பதற்கு ஒரு படமும் இல்லை. விலைக்குக் கேட்டுப் பார்த்தேன். "உங்களுக்கே தெரியும் டீச்சர்" என்று சொல்லி மறுபடி தட்டில் வைத்துவிட்டார். அவர் செய்தது சரி.

முத்திரைக்குக் கீழே இடப்பக்கம் பிறை வடிவில் ஒரு வெட்டு இருக்கிறது, பூச்சு போடும்போதே ஏற்பட்டது போல. அது படத்தில் தெரியும் அளவுக்குப் பெரியது. அந்த இரண்டு ராத்திரிகளில் மெர்டேக்கா அரங்கத்தில் மேடை ஏற்றும் வேலையோ, ஒலி, ஒளி வேலையோ, படம் எடுக்கும் வேலையோ பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அல்லது உங்கள் வீட்டு அப்பா, மாமா யாராவது அங்கே இருந்திருந்தால், பழைய படப் பெட்டியைக் கொஞ்சம் தேடுங்கள். ட்ரம் மேடையைப் பின்னாலிருந்தோ மேலிருந்தோ எடுத்த படம் ஒன்று கிடைத்தாலும் போதும், செந்தூலுக்கு எடுத்து வாருங்கள்.